பொன்னுமணி பேசாமல் இருந்த நேரம்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்பா அதைக் கடைக்கு ஏலக்காய் வாங்க வருகிறவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறார். "எம் மக ஜெனிகிட்ட வெலையப் பத்தி வாயத் தொறந்துறாதீக, கடிச்சு வச்சிரும்" என்பது ஜேசுதாஸ் முதலாளியின் வியாபாரத் தந்திரங்களில் ஒன்று. பெங்களூரில் கார்களுக்கு ஆடியோ மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் இருந்தேன். மேலாளரோடு முட்டிக்கொண்டு வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு வந்து அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். பழைய வேலையின் மிச்சமாக ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

டச் போன்கள் வருவதற்கு முன்னால் கைக்கு அடக்கமாகப் பாட்டு கேட்கிற பிளேயர்கள் விற்றார்கள் அல்லவா, பட்டன் வைத்தது? கம்பெனிகள் அவற்றை எப்போதோ கைகழுவிவிட்டன. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிற சிலர் ஒன்று சேர்ந்து அந்தப் பெட்டிகளை உள்ளிருந்து ஓட்டுகிற மென்பொருளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். ஃபர்ம்வேர் என்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தது நாலு வகைக் கோப்புகளைப் பாடினால் எங்களுடையது பேர் தெரியாத நாற்பது வகைகளையும் பாடும். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு பழைய கோப்பை வைத்துக்கொண்டு தவித்தால்கூட, அதற்கென்று ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவார். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. சும்மாவா செய்கிறாய் என்று கேட்டார். சர்ச்சில் பாட்டுப் பாடுவதற்கு நீங்கள் கூலி வாங்குகிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன்.

இந்த ஃபர்ம்வேரில் எனக்குப் பிடித்தது, அது வாய்விட்டுப் பேசும் என்பது. பார்வை இல்லாதவர்கள் பட்டனை அமுக்க அமுக்க, எந்தக் கோப்பில் நிற்கிறோம், என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே வரும். தமிழில் அதற்குக் குரல் கொடுத்திருப்பது நான்தான். சிவரஞ்சனி எங்கள் கடைக்கு வந்து சேர்ந்ததும் அதனால்தான்.

சிவரஞ்சனி ராசிங்காபுரத்துப் பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாலைக்கண்ணாக ஆரம்பித்த கோளாறு, படிப்பு முடிவதற்குள் இரண்டு கண்ணையும் முழுசாக வாங்கிக்கொண்டது. அரசாங்க வேலைக்குக் குரூப் ஃபோர் தேர்வு எழுதப்போகிறேன் என்று அவள் சொன்னபோது ஊரில் பாதிப் பேர் பாவம் என்றார்கள், மீதிப் பேர் எதற்கு என்றார்கள். அவளுடைய அக்கா பொன்னுமணி மட்டும் புத்தகங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டாள். பொன்னுமணிக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் தங்கியிருக்கிறாள், மாதம் ஒருமுறைதான் இறங்குவாள். பிளஸ் டூ வரை படித்தவள். மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு கிடைக்கிற நேரத்தில் பாடத்தை வாசித்துப் பதிவு பண்ணி அனுப்புவதாக ஏற்பாடு.

யூடியூபில் இல்லாத பாடமா என்று நானும் கேட்டேன். சிவா சிரித்தாள். அங்கே எல்லா சாரும் "இங்க பாருங்க, இந்தக் கட்டத்துல இருக்குறதப் பாருங்க" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்களாம். பொன்னுமணி அப்படி இல்லை. ஒரு வரைபடம் வந்தால் ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, எந்த ஊரைத் தொட்டுப் போகிறது என்று விரலை வைத்துத் தடவிக்கொண்டே சொல்லுவாள். அட்டவணை வந்தால் அதை வாக்கியமாக மாற்றிச் சொல்லுவாள். நடுநடுவே "தூங்காத, எந்திரிச்சு உக்காரு" என்றும் வரும்.

அந்தத் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. லயத்தில் சோலார் விளக்கு ஒன்று உண்டு, அவ்வளவுதான். போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டுமென்றால் தோட்டத்து ஆபீசில் போய் நிற்க வேண்டும். எனவே தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் தூக்கிப் போட இருந்த ஒரு பழைய வாய்ஸ் ரெக்கார்டரைப் பொன்னுமணி கேட்டு வாங்கியிருந்தாள். இரண்டு சின்ன பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். அதில் ஒரு நல்ல வசதியும் இருந்தது. பேசும்போதே ஒரு பட்டனை அமுக்கினால் அந்த இடத்தில் ஒரு குறி விழும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குறி வைத்தாள் பொன்னுமணி. பதிவான மெமரி கார்டை, வாரம் தவறாமல், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் பாண்டித்துரை அண்ணன் சுண்ணாம்பு டப்பாவில் வைத்து எங்கள் கடைக்குக் கொண்டுவருவார். அந்தத் தோட்டத்துக் காய் எங்கள் கடைக்குத்தான் வரும் என்பதால் அவருக்கு இங்கே எப்படியும் சோலி உண்டு. சுண்ணாம்பு அப்பிய கார்டைப் பார்த்து முதல் வாரம் நான் கத்திய கத்தலில், அடுத்த வாரம் வெற்றிலையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. அந்த ரெக்கார்டர் எல்லோரையும் போல எம்பி3 எழுதாது. அதைச் செய்த கம்பெனி தனக்கென்று ஒரு கோப்பு வகை வைத்திருந்தது. அந்தக் கம்பெனியும் மூடியாகிவிட்டது. அவர்கள் கொடுத்த மென்பொருள் அப்பாவின் ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது. அதில் போட்டு எம்பி3-ஆக மாற்றி, பேசுகிற பிளேயர் ஒன்றில் ஏற்றி சிவாவுக்குக் கொடுத்தேன். மாற்றும்போது குறிகள் எல்லாம் காணாமல் போய்விடும். நாற்பது கேள்வியும் ஒரே நீளப் பேச்சாகக் கிடக்கும். ஏதாவது ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் துழாவ வேண்டியதுதான். ஆனாலும் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெட்டியைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"எல்லாம் நல்லாருக்குக்கா. உங்க கொரலுதான், எந்தப் பட்டன அமுக்குனாலும் என்னய வையுற மாதிரியே இருக்கு."

சித்திரை மாதம் கோடை மழையோடு ஒரு இடி விழுந்தது. கடையில் ஃபேனும் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு. உள்ளே இருந்த டிஸ்க்கும் கருகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன், ஏற மறுத்தது. மாற்றிக் கொடுத்த பாடங்களின் நகல்களைச் சிவா இடம் போதாமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்திருந்தாள். மூலக் கோப்புகள் கார்டுகளில் பத்திரமாக இருந்தன, ஆனால் தை மாதத்திலிருந்து பொன்னுமணி தொண்டை வறள வாசித்த அத்தனையும் திறக்க முடியாத பெட்டியாகிவிட்டன. தேர்வு ஆடி மாதம். ரெக்கார்டரையே கீழே கொண்டுவந்து சிவாவிடம் கொடுத்துவிடலாமே என்றார் பாண்டித்துரை. கொடுத்தால் இன்னும் வாசிக்காத பாதிப் பாடத்தை யார் வாசிப்பது, எதில் வாசிப்பது?

சிவா கடை பெஞ்சில் உட்கார்ந்து கார்டுகளை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். அழவில்லை. "பரவால்லக்கா, அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்" என்றாள். அடுத்த வருடம் அந்தத் தேர்வு வருமா என்பது யாருக்கும் தெரியாது. வந்தாலும் அதுவரை இவளை வீட்டில் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். ஏற்கனவே சிலமலையில் ஒரு இரண்டாந்தார மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சொன்ன நிதானம் எனக்குத் தாங்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த வருசமாவது ஆட்டுக்குட்டியாவது, அந்தப் பெட்டியையே இதப் பாட வைக்கிறேன், போ" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

வாயைக் கொடுத்த பிறகுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். எண்கள், எண்கள், எண்கள். ஒரு இழவும் புரியவில்லை. எங்கள் குழுவின் பொதுப் பக்கத்தில் விஷயத்தைச் சொல்லி, நான் கடையில் உட்கார்ந்து பதிவு செய்த ஒரு கோப்பையும் போட்டேன். அதற்காகப் பாண்டித்துரையிடம் சொல்லி ரெக்கார்டரை ஒருநாள் மட்டும் இரவல் வாங்கியிருந்தேன். பொன்னுமணி பயன்படுத்துகிற மாதிரியே எல்லா சுவிட்சுகளையும் வைத்துப் பதிவு செய்தேன். டோமாஷ் என்று ஒருவர் பதில் போட்டார். செக் நாட்டில் ஏதோ ஒரு சின்ன ஊரில் பல் டாக்டர். குழுவில் புதுக் கோப்பு வகைகள் எல்லாம் அவர் கையால்தான் உள்ளே போகும். இது ஒன்றும் புதிதில்லை, ஒரு காலத்தில் டெலிபோன்காரர்கள் பேச்சைச் சுருக்கி அனுப்பிய முறைதான், கம்பெனிக்காரன் தலைப்பை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். நான் நம்பாமல் சண்டை போட்டேன். அவர் பொறுமையாக, நடுநடுவே ஒரு பல் பிடுங்கிவிட்டு வந்து, மறுபடி விளக்கினார். அவர் சொன்னதுதான் சரி.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. கடையில் பதிந்த கோப்பு பிளேயரில் சுத்தமாகப் பாடியது. குறிகளும் வேலை செய்தன. ஒரு தடவை பட்டனை அமுக்கினால் அடுத்த குறிக்குத் தாவியது. சந்தோஷத்தில் அப்பாவின் கன்னத்தைக் கிள்ளினேன். சிவாவை வரச்சொல்லி, பொன்னுமணியின் கார்டைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டேன். அக்காவின் குரல் வந்ததும் அவள் முகம் பூரித்துப்போனது. சற்று நேரத்தில் அலறிக்கொண்டு இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள். நான் எடுத்துக் கேட்டேன். ஓடுகிற கிரைண்டருக்குள் கரண்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அது முடிந்து ரெண்டு வாக்கியம், மறுபடி கரண்டி. எந்தக் கார்டைப் போட்டாலும் அதே கதை. என் கோப்பு மட்டும் நன்றாகப் பாடுகிறது, அவளுடையது எதுவும் பாடவில்லை. பொன்னுமணி என்ன பட்டனை அமுக்கித் தொலைக்கிறாள் என்று சிவாவிடம் எரிந்து விழுந்தேன். சிவாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்க அக்கா தப்பா எதையும் அமுக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேரில் பார்த்துவிடுவது என்று பாண்டித்துரை அண்ணனின் ஜீப்பில் நானும் ஏறினேன். பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் பதினைந்து பெண்கள், அவர்களுடைய தூக்குச்சட்டிகள், நடுவில் நான். முந்தல் தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஒருத்தி என் மடியில் சாய்ந்து தூங்கியேவிட்டாள். நான் கடைக்கார மகள் என்று தெரிந்ததும், காய் ரகம் பிரிக்கும்போது எங்கள் கடையில் செய்கிற கெடுபிடியைப் பற்றிப் போடிமெட்டு வரும்வரை என்னைக் கேலி செய்தார்கள்.

பொன்னுமணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெலிந்த உருவம், தலையில் துண்டு, இடுப்பில் சாக்குப் படுதா. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து, நான் பக்கத்தில் இருக்கிற கூச்சத்தோடு புத்தகத்தை விரித்தாள். அதுவரை பெய்த சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. அவள் ஒரு பத்தியை வாசித்து முடித்துத் தண்ணீர் குடிக்க நிறுத்தினாள். அப்போதுதான் கவனித்தேன், காதில் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி ஒரு அமைதி. ஒரு வண்டிச் சத்தம் இல்லை, ஒரு ஆள் சத்தம் இல்லை. அவள் மடியில் இருந்த ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. அவள் மறுபடி வாயைத் திறந்ததும் எரிந்தது.

"அது ஏன் அணையுது?" என்று கேட்டேன்.

"நான் பேசாதப்ப அது தூங்கிக்கிரும்க்கா. பேட்டரி மிச்சமாகும்னு ரைட்டரு சொன்னாரு. இந்தா, இந்த சுவிச்சுத்தான்."

அந்தச் சுவிட்சை நானும்தான் போட்டுப் பதிந்தேன். ஆனால் எங்கே வைத்துப் பதிந்தேன்? போடி பஜாரில், கடை வாசலில். லாரி ஹார்ன், சுமைக்காரர்களின் சத்தம், எதிர்க்கடை ஸ்பீக்கர், அப்பாவின் இருமல். அந்த விளக்கு அணைவதற்கு ஒரு நொடி இடம் கொடுத்திருப்போமா நாங்கள்? பேச்சு நின்றால் ரெக்கார்டர் ஒலிக்குப் பதிலாக வேறு ஏதோ ஒரு அடையாளத்தை எழுதி வைக்கிறது. என் நிரல் அதையும் ஒலி என்று நினைத்துப் பாட முயன்று அலறுகிறது. பொன்னுமணி எதையும் தப்பாக அமுக்கவில்லை. போடிக்காரியான நான், அமைதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துபோய் மென்பொருள் எழுதியிருக்கிறேன். அவளிடம் இதைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காரணம் தெரிந்துவிட்டதே தவிர, அந்த அடையாளம் எவ்வளவு நேர அமைதியைக் குறிக்கிறது, எப்படி அவிழ்ப்பது என்பது எனக்கு எட்டவில்லை. டோமாஷுக்கும் மற்றவர்களுக்கும் மலையில் பதிந்த ஒரு கோப்பு வேண்டும். எங்கள் குழுவில் எல்லாமே பொதுவில்தான். கோப்பைப் பொதுப் பக்கத்தில் போட வேண்டும், யாரும் இறக்கிக் கேட்கலாம், சரியாகிவிட்டால் அதுவே சோதனைக் கோப்பாக நிரந்தரமாக இருந்துவிடும். பாடக் கார்டுகளைப் போட முடியாது. புத்தகம் பயிற்சி மையத்துக்காரருடையது, அவருடைய உழைப்பு. அதைவிட, பாடங்களுக்கு நடுவே அக்காவும் தங்கையும் தங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சுகள் இருந்தன. சிலமலை மாப்பிள்ளைக்குப் பொன்னுமணி வைத்த பெயர் ஒன்றே போதும், ஊர் இரண்டாக. சிவாவும் முன்பே சொல்லிவிட்டாள், அக்கா பேசியிருப்பதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று.

அதனால் பொன்னுமணியிடம் புதிதாக ஒன்று பேசித் தரச் சொன்னேன். சொந்தமாக எது வேண்டுமானாலும் பேசலாம், முகம் தெரியாத ஆட்கள் பல நாடுகளில் கேட்பார்கள், நடுவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகு மறுபடி பேச வேண்டும், அவ்வளவுதான். பாடம் என்றால் மணிக்கணக்கில் வாசிக்கிறவள், இதற்கு அரண்டுபோனாள். எனக்கு என்னக்கா பேசத் தெரியும் என்றாள். நான் நின்றால் பேசமாட்டாள் என்று தோன்றியதால், ஏலச்செடிகளுக்குள் கொஞ்ச தூரம் இறங்கிப்போய் நின்றுகொண்டேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். பாண்டித்துரை ஹார்ன் அடித்து வெரசா வரச்சொன்னார். அவர் யாருக்காகவும் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துகிறவர் இல்லை. பொன்னுமணி ஓடிவந்து கார்டை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒரு வணக்கம், அப்புறம் கரண்டி. மேற்கொண்டு கேட்கப் பொறுமையில்லாமல் அப்படியே பொதுப் பக்கத்தில் போட்டுவிட்டு, தேர்வு நெருங்குகிற விஷயத்தையும், அது யாருக்காக என்பதையும் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பிரேசிலில் பஸ் டிக்கெட் மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் அதே மாதிரி ரெக்கார்டரைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, பிரித்து, உள்ளே இருக்கிற சிப்பின் படத்தைப் போட்டார். ஜப்பானில் ஒரு அம்மாள் பேசாமல் ஒரு கணக்கைப் போட்டு, இப்படி இருக்கலாம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனார். டோமாஷ் தன் மருத்துவமனைக்கு விடுமுறை விட்டுவிட்டு உட்கார்ந்தார். இவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பொன்னுமணி என்ன பேசுகிறாள் என்று தெரியாமல், அவள் குரல் எங்கே கரகரக்கிறது, எங்கே சுத்தமாகிறது என்பதை மட்டும் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். நான் எல்லோரிடமும் இடையிடையே எரிந்து விழுந்தேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் டோமாஷிடமிருந்து தகவல் வந்திருந்தது. இப்போது ஒரு பெண் தெளிவாகப் பேசுகிறாள், பிறகு நீண்ட அமைதி வருகிறது, பிறகு மறுபடி பேசுகிறாள். அந்த அமைதி உண்மையிலேயே அவ்வளவு நீளம்தானா, நம் தவறா என்று எனக்குத் தெரியவில்லை, மொழி தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

சிவாவுக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்சில் வந்துவிட்டாள். பிளேயரில் ஏற்றி, இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பட்டனை அவளே அமுக்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு பொன்னுமணி. ஏலத்தோட்டத்துல வேல பாக்குறேன். நீங்க யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. எந் தங்கச்சி படிக்கிறதுக்காக நீங்கள்லாம் மெனக்கெடுறீங்கன்னு ஜெனியக்கா சொல்லுச்சு. நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல, எப்பிடிச் சொல்லுறதுன்னு தெரியல. நீங்களும் உங்க பிள்ளைகுட்டிகளும் நல்லா இருக்கணும். இப்ப நான் கொஞ்ச நேரம் பேசாம இருக்கப் போறேன்."

அமைதி வந்தது. கரண்டி இல்லை, கரகரப்பு இல்லை. பிளேயரில் நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பஜாரின் இரைச்சல் அடுத்த காதில் கேட்டுக்கொண்டிருக்க, இந்தக் காதில் அந்த மலை. போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் இருக்கச் சொல்லவில்லையே, நிரல்தான் தப்போ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சிவா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சிவா. பயந்துறாத. பேச்சு நின்னுருச்சுன்னு நான் எந்திரிச்சுப் போயிட்டேன்னு நெனச்சுக்கிறாத. இங்கனதான் உக்காந்துருக்கேன்."

அவ்வளவுதான் பதிவு. சிவா பட்டனைத் தடவி, பின்னால் போய், அந்த அமைதியின் தொடக்கத்திலிருந்து மறுபடி கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்.

"கண்ணு போனதுக்கப்புறம் ரொம்பப் பேரு பேசிக்கிட்டே இருந்து எந்திரிச்சுப் போயிருவாங்கக்கா. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குச் செவுத்துக்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். எங்கக்கா மட்டும் எங்கிட்டுப் போனாலும் சொல்லிட்டுத்தான் போவா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபக்காரிகளுக்கு அழுகையும் சீக்கிரம் வரும். அப்பா ஏலக்காய்ச் சாம்பிளைக் கையில் வைத்தபடி என்ன ஆத்தா, என்ன ஆச்சு என்று எழுந்து வந்தார். ஒன்றும் இல்லை, பாடிவிட்டது என்றேன்.

அமைதியின் நீளம் சரிதான் என்று டோமாஷுக்கு எழுதினேன். பொன்னுமணி சொன்னதை முழுசாக மொழிபெயர்த்தும் போட்டேன். மறுநாள் அவர் நிரலை உள்ளே சேர்த்துவிட்டார், பொன்னுமணியின் கோப்பைச் சோதனைக் கோப்பாகவும் வைத்துவிட்டார். இனி உலகத்தில் யார் அந்த நிரலில் கைவைத்தாலும், அவளை ஒருமுறை பேசவிட்டு, அவள் பேசாமல் இருக்கிற நேரம் குறையவில்லை என்று பார்த்த பிறகுதான் அது ஏற்கப்படும். கடைசியில் ஒரு வரி தனியாக எழுதியிருந்தார். நோயாளிகளின் வாயைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகும்போது, இனிமேல் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்று.

மீதி இருந்த வாரங்களில் சிவா படித்த படிப்பு சாதாரணமானது இல்லை. மலையிலிருந்து கார்டு வந்ததும் வாங்கி நேராகப் பிளேயரில் செருகிக்கொள்வாள். கம்ப்யூட்டரும் வேண்டாம், நானும் வேண்டாம். குறியிலிருந்து குறிக்குத் தாவித் தாவி, தெரிந்த கேள்வியை விட்டு, தெரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆடியில் தேர்வு எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கை வலித்துவிட்டதாம், அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசியில் முடிவு வந்தது, சிவா தேறிவிட்டாள். காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம், பொன்னுமணி கீழே இறங்க வழியில்லை. பாண்டித்துரையிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பலாம் என்றேன். சிவா ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவிடம் நான்தான் சொல்லுவேன் என்று அடம் பிடித்தாள். படிக்கத் தெரிந்த நிரலுக்கு எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. பிளேயரின் மைக்கில் பேசினால், மலையில் இருக்கிற அந்த ரெக்கார்டர் பாடுகிற மாதிரியே கோப்பு விழும். கடையின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாகப் பேசினாள். நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பாண்டித்துரை அண்ணன் லோடு இறக்கக் கடைக்கு வந்தார். வழக்கத்தைவிட வெகுநேரம் பிந்தி வந்ததற்கு அப்பா கோபித்துக்கொண்டார். அவர் அதைக் காதில் வாங்காமல் நேராக என்னிடம் வந்தார். பொன்னுமணி இடுப்பில் காய்க்கூடையோடு ஓடிவந்து கார்டை வாங்கிக்கொண்டாளாம். ஜீப்பில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே ரெக்கார்டரைக் காதோடு வைத்துக் கேட்டாளாம்.

"மொகத்துல ஒன்னையுமே காட்டல பாப்பா. முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் கிட்ட வந்து, 'அண்ணே, இன்னொருக்காக் கேட்டுக்கிறேன், செத்த நேரம்'னுச்சு. வண்டி நெறைய ஆளு உக்காந்துருக்கு. நான் இஞ்சின ஆஃப் பண்ணிட்டேன். எல்லாரையும் பேசாம இருக்கச் சொன்னேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல, அது கேட்டு முடிக்கிற வரைக்கும்."